தாழ்ப்பாள் யார் கையில்? அகதிப் பெண்களுக்கான வேலையில் நான்கு நாற்காலிகள்

முகாம் ஒருங்கிணைப்புக் கூட்டம். தண்ணீர், கழிப்பறை விஷயங்களைப் பார்க்கும் பொறியாளர் கணக்குச் சொல்கிறார். இத்தனை கட்டி முடிந்தது, இத்தனை பாக்கி, 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்ற அளவை எட்டிவிட்டோம், பெண்கள் பக்கம் தனியாக இருக்கிறது. எல்லோரும் குறித்துக்கொள்கிறார்கள். மேசையின் கடைக்கோடியில் இருப்பவர் ஒன்று கேட்கிறார்: "கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டா?" பொறியாளர் தாள்களைப் புரட்டுகிறார். கதவு இருக்கிறது, கீல் இருக்கிறது, வெளியே பூட்டக் கொக்கி இருக்கிறது. உள்தாழ்ப்பாள் மதிப்பீட்டிலேயே இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் பாலின நிபுணர் என்று ஒரு பதவி வைத்திருக்கிறார்கள். மனிதாபிமான உதவியின் குறைந்தபட்ச அளவுகளைச் சொல்லும் ஸ்ஃபியர் கையேடு, உள்பக்கத் தாழ்ப்பாளையும் வெளிச்சத்தையும் எப்போதோ எழுதி வைத்துவிட்டது. பெண்களுக்கு மூன்று என்றால் ஆண்களுக்கு ஒன்று என்ற விகிதம்கூட அதில் இருக்கிறது. எழுதியது கதவுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். இருட்டில் அந்தக் கழிப்பறைக்குப் போகப் பயந்து மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்ணை, மறுநாள் காலை தலைமைப் பண்புப் பயிற்சிக்குக் கூப்பிட்டு என்ன பயன்?

இந்தத் துறைக்குள் வர நினைப்பவர்களும், ஏற்கெனவே வந்து அடுத்து எங்கே போவது என்று யோசிப்பவர்களும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: ஐ.நா. அமைப்பா, சர்வதேசத் தொண்டு நிறுவனமா, பெண்களே நடத்தும் உள்ளூர் அமைப்பா, இல்லை தனி ஆலோசகராகப் போய்விடலாமா? சம்பளம், பெயர், விசா என்று எல்லோரும் ஒப்பிடும் விஷயங்கள் இருக்கின்றன, அவற்றுக்கும் வருகிறேன். ஆனால் நான் முதலில் பார்ப்பது வேறு. அந்த நாற்காலியில் உட்கார்ந்து தாழ்ப்பாள் கேட்டால், அது கதவில் ஏற எத்தனை நாள் ஆகும்?

விளம்பரத்தில் ஒரு பெயர், உள்ளே மூன்று வேலை

நாற்காலிக்கு முன்னால் வேலையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். "பாலின நிபுணர்" என்ற ஒரே தலைப்பில் வரும் விளம்பரங்களுக்குள் குறைந்தது மூன்று வேலைகள் ஒளிந்திருக்கும்.

முதலாவது, மற்ற எல்லாப் பிரிவுகளின் வேலைக்குள்ளும் பெண்கள், ஆண்கள், சிறுமிகள், சிறுவர்கள் என்ற வேறுபாட்டைக் கொண்டுபோய் வைப்பது. தாழ்ப்பாள் கேள்வி இதைச் சேர்ந்தது. ரேஷன் வரிசை எந்த நேரத்தில், அட்டை யார் பெயரில், புள்ளிவிவரத்தில் வயதும் பாலினமும் பிரித்து எழுதப்பட்டிருக்கிறதா என்பதெல்லாம் இதில் வரும். இரண்டாவது, பாலின வன்முறைக்கு ஆளான பெண்ணுக்குக் கூடவே நின்று மருத்துவம், சட்டம், பாதுகாப்பான தங்குமிடம் என்று வழிகாட்டும் ஏற்பாட்டை நடத்துவது. மூன்றாவது, வருமானம், சேமிப்பு, தொழில், தலைமை என்று "அதிகாரமளித்தல்" என்ற சொல் நேராகக் குறிக்கும் வேலை.

மூன்றுக்கும் மூன்று வகைப் பயிற்சி தேவை. இரண்டாவது வகைக்கு முறையான பயிற்சி இல்லாமல் விண்ணப்பிக்கவே கூடாது என்பேன். ஆர்வமும் நல்ல மனமும் போதும் என்று நினைத்து உட்கார்ந்து, ஒரு பெண்ணின் வாயைத் திறக்க வைத்துவிட்டு அடுத்து எங்கே அனுப்புவது என்று தெரியாமல் விழிப்பது அவளுக்குச் செய்யும் இரண்டாவது கேடு. மூன்றாவது வகையில் இருப்பவர் நாட்டின் சட்டத்தைப் படித்திருக்க வேண்டும். உகாண்டாவின் 2006ஆம் ஆண்டு அகதிகள் சட்டம் அகதிகளை வேலை செய்யவும் நடமாடவும் விடுகிறது. வங்காளதேசம் 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவே இல்லை. காக்ஸ் பஜார் முகாம்களில் இருக்கும் ரோஹிங்கியாப் பெண் முறையான வேலைக்குப் போக முடியாது. இரண்டு இடத்திலும் ஒரே தையல் பயிற்சித் திட்டத்தை நகலெடுத்து வைத்தால், ஓரிடத்தில் தொழில் உருவாகும், இன்னோரிடத்தில் சான்றிதழ் மட்டும் உருவாகும்.

சட்டம் திறந்தாலும் கதவு திறக்காத இடம் உண்டு. 2016இல் ஜோர்டான் அரசும் நன்கொடை நாடுகளும் சேர்ந்து செய்த 'ஜோர்டான் ஒப்பந்தம்' சிரிய அகதிகளுக்கு 2 லட்சம் வேலைவாய்ப்புகள் என்று இலக்கு வைத்தது. அனுமதிச் சீட்டுகளில் பெண்களுக்குப் போய்ச் சேர்ந்தது மிகச் சிறு பங்கு. விவசாயம், கட்டுமானம், தொழிற்சாலை என்று அனுமதிக்கப்பட்ட துறைகள், தூரத்துப் பேருந்துப் பயணம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமை எல்லாம் சேர்ந்து அடைத்துவிட்டன. ஒப்பந்த வாசகத்தைப் படித்த அன்றைக்கே "குழந்தை யாரிடம் இருக்கும்?" என்று கேட்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் எந்த அமைப்பில் உட்கார்ந்தால் அவர் குரல் காதில் விழும் என்பதைத்தான் ஒப்பிடப் போகிறோம்.

ஐ.நா. நாற்காலி

உலகில் வலுக்கட்டாயமாக இடம்பெயர்ந்தவர்கள் 2024 முடிவில் 12.32 கோடிப் பேர் என்று ஐ.நா. அகதிகள் உயர் ஆணையர் அலுவலகம் கணக்கிட்டது. அதில் எல்லை தாண்டிய அகதிகள் 4.27 கோடி. அகதிகள் சூழலில் ஒருங்கிணைப்புத் தலைமை அந்த அலுவலகத்திடமே இருக்கும். பாலின வன்முறை தொடர்பான கூட்டங்களையும் பெரும்பாலும் அவர்களே நடத்துவார்கள். நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்கள் என்றால் அந்தப் பொறுப்பு ஐ.நா. மக்கள்தொகை நிதியத்துக்குப் போகும். 2010இல் உருவான, பெண்களுக்கான ஐ.நா. அமைப்பு யூஎன் விமன் இரண்டு இடத்திலும் இருக்கும். சில இடங்களில் நேரடியாகவே மையங்கள் நடத்தும். ஜோர்டானின் ஸாத்தரி முகாமில் அது நடத்தும் 'ஒயாசிஸ்' மையங்களில் தையல் வேலை, அதற்குக் கூலி, பக்கத்திலேயே குழந்தைகள் காப்பகம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ். அந்தக் காப்பகத்தை யோசித்து வைத்தவருக்கு ஒரு கும்பிடு.

இந்த நாற்காலியின் பலம் கூட்டத்தைக் கூட்டும் அதிகாரம். நீங்கள் தாழ்ப்பாள் கேட்டால் பொறியாளரால் சிரித்துத் தட்டிக்கழிக்க முடியாது. குறிப்பில் ஏறும், அடுத்த கூட்டத்தில் மறுபடி வரும், ஒரு முகாமுக்குப் பதில் ஒன்பது முகாமுக்கும் விதியாக மாறும். அரசு அதிகாரியோடு பேசலாம். அட்டையைக் கணவன் பெயரில் மட்டும் கொடுக்காமல் மனைவிக்கும் தனியாகக் கொடுக்கும் முடிவு போன்றவை இந்த மட்டத்தில்தான் எடுக்கப்படுகின்றன.

பலவீனமும் அங்கேயே. உங்கள் கையில் சுத்தியல் கிடையாது. வேலையைச் செய்வது கூட்டாளி நிறுவனம். அவர்களோடு போட்ட ஒப்பந்தத்தில் தாழ்ப்பாளைச் சேர்க்கத் திருத்தம் வேண்டும். திருத்தத்துக்குக் கையெழுத்துகள் வேண்டும். நடுவில் நீங்கள் நிரப்பும் படிவங்கள் கொஞ்சநஞ்சமல்ல. திட்டங்களுக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் போடும் பாலின-வயது அளவுகோல் ஒன்று 2018இல் வந்தது. நல்ல கருவி, மறுக்கவில்லை. ஆனால் ப்ரொபோசல் அனுப்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் "மேடம், இதில் 4 வருகிற மாதிரி இரண்டு வரி சேர்த்துக் கொடுங்கள்" என்று வரும் கோரிக்கையைப் பார்த்தவர்களுக்கு அதன் மறுபக்கமும் தெரியும்.

ஒப்பந்த வகைகளைப் பிரித்துப் பார்க்காமல் "ஐ.நா.வில் வேலை" என்று சொல்வதில் அர்த்தமில்லை. சர்வதேசப் பதவிகளில் பி-3 என்ற நடுத்தர அதிகாரி நிலைக்குப் பொதுவாக முதுகலைப் பட்டமும் ஐந்தாண்டு அனுபவமும் கேட்பார்கள். தேசிய அதிகாரி பதவி அந்தந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும். வீட்டை விட்டுப் போகாமல் தீவிரமான வேலை செய்ய அது நல்ல வழி, பலர் அதைக் குறைத்து மதிக்கிறார்கள். இளநிலை அதிகாரி திட்டத்துக்கு நன்கொடை தரும் நாடுகள் பெரும்பாலும் தங்கள் நாட்டுப் பிள்ளைகளுக்கே பணம் கட்டும், ஆகவே பலருக்கு அந்தக் கதவு பிறக்கும்போதே மூடியது. ஐ.நா. தன்னார்வலர் வழி எஞ்சியிருக்கிறது. மாதப்படி கொடுப்பார்கள், பெயரில் "தன்னார்வலர்" என்று இருந்தாலும் முழுநேர வேலை. சர்வதேச ஊழியர்களுக்குப் பணியிட மாற்றம் கட்டாயம். கடினமான இடங்களை ஏ முதல் ஈ வரை வகைப்படுத்தியிருக்கிறார்கள். பல இடங்களுக்குக் குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது. சில வாரங்களுக்கு ஒருமுறை ஓய்வுக்கு வெளியே அனுப்புவார்கள். அந்த ஓய்வு சலுகை இல்லை, தேவை. முதல் முறை போய்ப் படுத்துத் தூங்கும்போது தெரியும்.

நிரந்தரமா என்று கேட்டால், இப்போது யாரும் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியதன் அதிர்ச்சி எல்லாக் கட்டிடங்களையும் ஆட்டியது. அந்த ஆண்டு ஜூனில் அகதிகள் உயர் ஆணையர் அலுவலகம் சுமார் 3,500 பணியிடங்களை நீக்குவதாக அறிவித்தது. அதே சமயத்தில் இன்னும் நூற்றுக்கணக்கான தற்காலிகப் பதவிகளும் போயின. இப்படி வெட்டு விழும்போது "பாலினம் எல்லோருடைய பொறுப்பும்தானே" என்ற வாசகம் எங்கிருந்தோ கிளம்பி வரும். எல்லோருடைய பொறுப்பு என்றால் யாருடைய சம்பளப் பட்டியலிலும் இல்லை என்று பொருள்.

தொண்டு நிறுவன நாற்காலி

சர்வதேச மீட்புக் குழு, கேர், ஆக்ஸ்ஃபாம், நார்வே அகதிகள் கவுன்சில் என்று பெரிய பெயர்கள் முதல் இரண்டு நாட்டில் மட்டும் இயங்கும் சிறியவை வரை இதில் அடக்கம். கூட்டத்தில் உங்கள் இருக்கை கொஞ்சம் தள்ளி இருக்கும். ஆனால் திட்ட வடிவமைப்பு உங்கள் மேசைக்கு வரும். தாழ்ப்பாள் பட்ஜெட் வரியை நீங்களே எழுதலாம்.

ஒரு சேமிப்புக் குழுவைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். 1991இல் கேர் நிறுவனம் நைஜரில் பெண்களோடு தொடங்கிய முறை இது; இன்று பல முகாம்களில் இருக்கிறது. 15 முதல் 25 பேர் வட்டமாக உட்காருகிறார்கள். நடுவில் ஒரு இரும்புப் பெட்டி, அதில் மூன்று பூட்டு. மூன்று சாவியும் மூன்று பெண்களிடம். பெட்டி நான்காமவர் வீட்டில். நான்கு பேரும் ஒன்று சேராமல் பெட்டி திறக்காது. வாரம் ஒருமுறை எல்லோர் கண் முன்னாலும் பணம் எண்ணிப் போடப்படும், கடன் கொடுக்கப்படும். ஒன்பது மாதமோ பன்னிரண்டு மாதமோ முடிந்ததும் வட்டியோடு பிரித்துக்கொள்வார்கள். வெளியிலிருந்து ஒரு காசு வரத் தேவையில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கணக்கை மனத்தில் வைத்திருப்பார். போன வாரம் யார் எவ்வளவு போட்டது என்று மடமடவெனச் சொல்வார்.

இதில் பாலின நிபுணருக்கு என்ன வேலை? பங்கு பிரித்த அன்று ராத்திரி அந்தப் பணம் வீட்டில் என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான். சம்பாதிக்கும் வழி அடைபட்டுப்போன கணவன், கையில் காசோடு வரும் மனைவி: இது சில வீடுகளில் சண்டையாகும், அடியாகும். பணம் கொடுத்தால் பெண் தானே எழுந்துவிடுவாள் என்ற எளிய நம்பிக்கை இங்கே உடைகிறது. சர்வதேச மீட்புக் குழு இதை எதிர்கொள்ள, புருண்டியிலும் ஐவரி கோஸ்ட்டிலும் சேமிப்புக் குழுவோடு கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்து வீட்டுச் செலவு முடிவுகளைப் பேசும் அமர்வுகளைச் சேர்த்தது. ஐவரி கோஸ்ட்டில், போரால் பாதிக்கப்பட்ட கிராமங்களில் சேமிப்பு மட்டும் ஒரு பக்கம், சேமிப்போடு உரையாடல் இன்னொரு பக்கம் என்று ஒப்பிட்ட ஆய்வு 2013இல் வெளியானது. உரையாடல் சேர்ந்த பக்கம் பணத்தைப் பிடுங்குவது, செலவுக்குத் தராமல் வதைப்பது போன்ற பொருளாதாரக் கொடுமை குறைந்திருந்தது. அடிதடி குறைந்தது பெரும்பாலான அமர்வுகளுக்கு ஒழுங்காக வந்த தம்பதிகளிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே "கணவன்மார்கள் வரவில்லை" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போக முடியாது. அவர்களை எந்த நேரத்தில், யார் மூலம், எப்படி வரவைப்பது என்பதே திட்டம். இந்த மாதிரித் திருத்தம் செய்யும் சுதந்திரம் இந்த நாற்காலியில் கிடைப்பது போல் வேறெங்கும் கிடைக்காது.

விலை என்ன? ப்ராஜெக்ட் முடிந்தால் நீங்களும் முடிந்தீர்கள். 12 மாதம், 18 மாதம் என்று வரும் நிதியில், முதல் மூன்று மாதம் ஆள் எடுக்கப் போகும், கடைசி மூன்று மாதம் அறிக்கைக்குப் போகும். நடுவில் மிஞ்சுவதில் சமூக வழக்கத்தை மாற்றிக் காட்ட வேண்டும். ஒரு பெண்கள் மையத்தை மூடப்போகிறோம் என்று அங்கே வரும் பெண்களிடம் சொல்லும் வேலை ஒருநாள் உங்கள் தலையில் விழும். நான் அதை இரண்டு முறை செய்திருக்கிறேன். முதல் முறை அவர்கள் கோபப்பட்டார்கள். இரண்டாவது முறை யாரும் கோபப்படவில்லை; ஒரு அம்மா எழுந்து சாயம் போன பாய்களைச் சுருட்ட ஆரம்பித்தார். இரண்டாவதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

பெண்களே நடத்தும் அமைப்பு

அகதிப் பெண்கள் தாங்களே தொடங்கிய குழுக்களும், புகலிடம் தந்த நாட்டின் பெண்கள் அமைப்புகளும் இதில் வரும். இங்கே தாழ்ப்பாள் கேள்வியே எழாது. இல்லை என்பது முதல் நாள் ராத்திரியே தெரிந்து, மறுநாள் காலையில் ஒரு கம்பியை வளைத்து மாட்டியிருப்பார்கள். மற்ற மூன்று நாற்காலிகளில் இருப்பவர்கள் மாதக்கணக்கில் ஆய்வு நடத்திக் கண்டுபிடிப்பது இவர்களுக்குப் பேச்சுவாக்கில் தெரியும்: எந்தக் குழாயடியில் யார் தொல்லை தருகிறான், எந்த வீட்டில் பதினான்கு வயதுப் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது, எந்த அதிகாரியிடம் போகக் கூடாது.

ஆனால் ஒரு கம்பி ஒரு கதவுக்கு. மீதி ஆயிரம் கதவுக்குப் பணம் வேண்டும், பணம் இவர்களிடம் வருவதில்லை. 2016இல் பெரிய நன்கொடை நாடுகளும் அமைப்புகளும் சேர்ந்து 'கிராண்ட் பார்கெயின்' என்று ஒன்றை அறிவித்தன; மனிதாபிமான நிதியில் 25 சதவீதம் உள்ளூர், தேசிய அமைப்புகளுக்குப் போகும் என்றார்கள். இன்னும் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. 2025இல் யூஎன் விமன் நெருக்கடி நாடுகளில் 411 பெண்கள் அமைப்புகளிடம் விசாரித்தபோது, 90 சதவீதம் நிதிவெட்டில் அடிபட்டிருந்தன. இப்படியே போனால் ஆறு மாதத்துக்குள் மூடவேண்டியிருக்கும் என்று சொன்னவை 47 சதவீதம். இந்த நாற்காலிக்கு ஆசைப்படுபவர் அந்த இரண்டு எண்களையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வர வேண்டும்.

வெளியிலிருந்து வந்து இங்கே உட்காருபவருக்கு இன்னொரு சங்கடம் உண்டு. "நிபுணர்" என்ற பட்டம் அறையில் யாருக்குப் பொருந்தும் என்று உங்களுக்கே சந்தேகம் வந்துவிடும். அது நல்ல சந்தேகம். இங்கே உங்களால் பயன்படக்கூடிய வேலை மிகச் சாதாரணமானது: கணக்குப் புத்தகம் தணிக்கைக்கு நிற்கிற மாதிரி செய்வது, நன்கொடையாளர் மொழியில் விண்ணப்பம் எழுதுவது, பாலியல் சுரண்டல் பற்றிய புகார் முறையை நிதி தருபவர் ஏற்கும் வடிவில் எழுதிக் கொடுப்பது, பெரிய கூட்டத்துக்கு அவர்களை அழைத்துப் போய் நீங்கள் வாயை மூடிக்கொண்டு உட்காருவது. கடைசியது எளிதில்லை. முயன்று பாருங்கள்.

இதை வாசிப்பவர் அகதியாகவே இருந்தால் கணக்கு முழுக்க மாறும். முகாமில் அகதிகளுக்குப் பல இடங்களில் சம்பளம் என்ற பெயரில் தருவதில்லை, ஊக்கத்தொகை என்பார்கள். பக்கத்து மேசையில் அதே வேலையைச் செய்யும் அந்நாட்டுக் குடிமகளுக்கு வருவதில் சின்ன அளவே கையில் வரும். வேலை அனுமதிச் சட்டத்தைக் காரணம் காட்டுவார்கள், அதில் உண்மையும் உண்டு. உங்கள் அறிவு மட்டும் முழு விலைக்கு எடுத்துக்கொள்ளப்படும். அப்படி இருக்கும்போது சம்பளமில்லாத "சமூகப் பிரதிநிதி" பதவிகளை அடுக்கிக்கொள்வதைவிட, அனுபவத்தை எழுத்தில் உறுதிசெய்து தரும் பதவியைக் கேட்டு வாங்குங்கள். பதவிப் பெயர், காலம், பொறுப்பு மூன்றும் கடிதத்தில் இருக்கட்டும். பின்னால் வேறு நாட்டில் குடியமர்த்தப்பட்டாலும் அந்தக் கடிதம் கூட வரும்.

ஆலோசகர் நாற்காலி

இருபது நாள், நாற்பது நாள் என்று நாள் கணக்கில் கூலி. பாலின நிலைமை ஆய்வு, நடுக்கால மதிப்பீடு, இறுதி மதிப்பீடு, பயிற்சிக் கையேடு. கூலி பார்க்க நன்றாக இருக்கும். காப்பீடு, ஓய்வூதியம், வேலையில்லாத மாதங்கள் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் அவ்வளவு நன்றாக இருக்காது. அவசர நிலைகளுக்கு அனுபவசாலிகளை அனுப்பிவைக்கும் ஜென்கேப் போன்ற ஏற்பாடுகளும் உண்டு. 2007இல் தொடங்கிய அது மூத்தவர்களுக்கானது. இளையவர்கள் இப்போதைக்கு மறந்துவிடலாம்.

தாழ்ப்பாள் இங்கே அறிக்கையின் 34ஆம் பக்கத்தில் பரிந்துரையாக இருக்கும். அது கதவில் ஏறியதா என்று உங்களுக்கு ஒருபோதும் தெரியாமலே போகலாம்.

ஆனாலும் வெளிக்கண்ணுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. கென்யாவின் தாதாப் முகாம்களில் விறகு பொறுக்கப் போகும் பெண்கள் புதர்களில் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். விறகைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டால் பிரச்சினை தீரும் என்று 1998இல் விறகு விநியோகத் திட்டம் தொடங்கியது. 2001இல் வெளியாட்கள் செய்த மதிப்பீடு கணக்கைப் பிரித்துப் பார்த்தது. விறகு கொடுத்த காலங்களில் விறகு பொறுக்கும்போது நடந்த வன்முறைகள் குறைந்திருந்தன. மற்ற இடங்களில், மற்ற நேரங்களில் நடந்தவை கூடியிருந்தன. ஆபத்து விறகில் இல்லை, ஆளில் இருந்தது. அவன் இடம் மாறிக்கொண்டான். உள்ளே இருந்து திட்டத்தை நடத்தியவர்கள் எத்தனை டன் விறகு என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது, இந்த இரண்டாவது எண்ணிக்கையைக் கேட்க வெளியாள் வேண்டியிருந்தது. இந்த மாதிரி ஒரு மதிப்பீடு எழுதக் கிடைத்தால் ஆலோசகராக இருந்ததற்கு அர்த்தம் உண்டு.

நான் எழுதிய முதல் மதிப்பீடு அந்த வகை இல்லை. பெண்களோடு குழுக் கலந்துரையாடல்; காலை பதினொரு மணி. பன்னிரண்டு பேர் வந்தார்கள். இருபது நிமிடத்தில் ஒருவர் பின் ஒருவராக எழுந்து போய் ஐந்து பேர் மிஞ்சினார்கள். "பெண்களின் பங்கேற்பு குறைவு, தயக்கம் காணப்படுகிறது" என்று அறிக்கையில் எழுதினேன். மொழிபெயர்ப்பாளராக வந்த பெண் வண்டியில் திரும்பும்போது சாவகாசமாகச் சொன்னார்: "பதினொன்றரைக்குக் குழாயில் தண்ணீர் வரும், தெரியாதா?" அறிக்கையைத் திருத்தினேன். தயக்கம் என்னுடைய அட்டவணையில்தான் இருந்தது. ஐந்து நாள் மட்டும் தங்கப்போகும் ஆளுக்குத் தண்ணீர் வரும் நேரம் எப்படித் தெரியும் என்று சமாதானம் சொல்லலாம். அதனால்தான் ஆலோசகர் வேலையை முதல் வேலையாக எடுக்காதீர்கள் என்கிறேன்.

இரண்டு கடிதங்கள் கையில் இருந்தால்

நான்கையும் ஒரே சமயத்தில் யாரும் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பதில்லை. பெரும்பாலும் வரும் குழப்பம் இது: ஐ.நா. அமைப்பில் பதினொரு மாத ஆலோசகர் ஒப்பந்தம் ஒன்று, தொண்டு நிறுவனத்தில் இரண்டாண்டுக் களப்பணி ஒன்று. முதலாவதில் நீல நிறச் சின்னம், தலைநகர் அலுவலகம், கொஞ்சம் கூடுதல் பணம். இரண்டாவதில் தூசி, முகாமிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில் பகிர்ந்துகொள்ளும் அறை.

இரண்டாவதை எடுங்கள். ஆலோசகர் ஒப்பந்தத்தில் இருப்பவர் ஐ.நா. ஊழியர் இல்லை, உள்ளே நுழைந்துவிட்டோம், இனி ஏறிவிடலாம் என்று நினைப்பது பலருக்குப் பொய்த்திருக்கிறது. பின்னால் பி-3 நேர்காணலில் கேட்கப்போவது "களத்தில் ஒரு திட்டத்தை எப்படி மாற்றினீர்கள்?" என்றுதான். அதற்குப் பதில் தலைநகர் அலுவலகத்தில் கிடைக்காது. இரண்டு மழைக்காலம் ஒரே முகாமில் இருந்தவருக்குக் கிடைக்கும்.

விதிவிலக்குகள் உண்டு. வீட்டில் சின்னக் குழந்தையோ படுத்திருக்கும் பெற்றோரோ இருந்தால், குடும்பம் வரமுடியாத இடத்துக்குப் போய் மனத்தைப் பிய்த்துக்கொள்வதில் எந்தத் தியாகப் பெருமையும் இல்லை. தேசியப் பதவியைத் தேடுங்கள். அரபியோ பிரெஞ்சோ சுவாஹிலியோ சரளமாக வந்தால் எந்த நாற்காலியிலும் உங்கள் விலை ஏறும், அந்த மொழி பேசும் இடத்தையே பிடியுங்கள். வன்முறைக்கு ஆளானவர்களோடு வேலை செய்யப் பயிற்சி பெற்றவர் என்றால் நேராகத் தொண்டு நிறுவனம், ஐ.நா. பிறகு. ஏற்கெனவே பத்தாண்டு களத்தில் இருந்து உடம்பு களைத்தவர் ஆலோசகராகப் போவதில் தவறில்லை. உங்களுக்குத் தண்ணீர் வரும் நேரத்தைக் கேட்கத் தெரியும்.

எந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போடும் முன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: இந்த அமைப்பின் ஊழியர் ஒருவர் மேலேயே ஒரு பெண் புகார் கொடுத்தால் அதை யார் வாங்குவார், யார் விசாரிப்பார்? உதவிப் பணியாளர்களின் பாலியல் சுரண்டலைத் தடுக்க 2003இல் ஐ.நா. பொதுச்செயலர் பிறப்பித்த விதி எல்லோர் சுவரிலும் ஒட்டியிருக்கும். சுவரைக் கேட்கவில்லை, ஆளைக் கேட்கிறேன். பெயர் சொல்லத் தடுமாறினால், நாளைக்கு அந்தப் புகாரோடு ஒரு பெண் வந்து நிற்கப்போவது உங்கள் மேசை முன்னால்தான்.

இன்னொரு கேள்வியை நான் நேர்காணலின் கடைசியில், "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று அவர்கள் கேட்கும்போது கேட்பேன். இந்த நாற்காலியில் எனக்கு முன்னால் இருந்தவரால் போன ஆண்டு என்ன மாறியது? ஓரிடத்தில் ஐந்து நிமிடம் கொள்கை ஆவணத்தைப் பற்றிப் பேசினார்கள். இன்னோரிடத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, சுவரொட்டிகளில் இப்போது பெண்கள் படம் முன்னால் வருகிறது என்றார்கள். மூன்றாவது இடத்தில் பதில் சுருக்கமாக வந்தது: "விநியோக நேரத்தைத் தண்ணீர் வரும் நேரத்திலிருந்து மதியம் இரண்டு மணிக்கு மாற்றினார். ஏழு மாதம் சண்டை போட்டார்."

சம்பளம் அங்கேதான் குறைவு. அங்கேதான் சேர்ந்தேன்.